ஹேரி வெட்ச் செடியைப் பெயர்த்து நடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மண்ணைக் காக்கவும் வளமூட்டவும் வளர்க்கும் மூடுபயிராகச் சென்ற பருவத்தில் விதைத்த ஹேரி வெட்ச், இப்போது பாத்திகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் தானாக முளைத்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது. மிதிபட்டு வீணாகும் செடிகளைத் தோண்டி அந்தப் பாத்தியில் நட்டால் பிழைக்குமா, பிழைத்தாலும் வேர்முடிச்சுகள் அறுபட்டுப் பயனில்லாமல் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. செடி பிழைக்குமா என்பதற்கு விடை எளிது: இளஞ்செடியாக இருந்து, வேரோடு மண்ணும் சேர்ந்து வந்தால் பிழைக்கும். செடியை நகர்த்தினால் அதன் தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், உடன் நகருமா என்பதுதான் மற்றது. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது அதுவே என்று நினைக்கிறேன். வேளாண்மை பயின்றவன், மூடுபயிர்களை விதைப்பதும் மண்ணில் மடக்கி உழுவதுமாகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் அனுபவக் கணிப்பாக மட்டும் சொல்லக்கூடியதையும் வேறுபடுத்தியே எழுதுகிறேன்.

விசியா வில்லோசா என்ற தாவரப் பெயர் கொண்ட இச்செடி ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் தாயகமாகக் கொண்ட பயறுவகைக் கொடி. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர்காலத்தைத் தரையோடு தரையாகக் கடந்து, வசந்தத்தில் வேகமாகப் படர்ந்து பூப்பது இதன் இயல்பு. முளைத்த முதல் சில வாரங்களில் மேலே பார்த்தால் வளர்ச்சியே இல்லாததுபோல் தோன்றும்; அந்த நேரத்தில் செடி தன் ஆணிவேரையும் பக்கவேர்களையும் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற செடியின் வேர் 30 முதல் 90 சென்டிமீட்டர் ஆழம் வரை போகும். கொடி மூன்று மீட்டருக்கு மேலும் நீளும். பட்டாணியைப் போலவே இதற்கும் வித்திலைகள் மண்ணுக்கு உள்ளேயே தங்கிவிடுகின்றன. பெயர்த்து நடுகிறவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: தண்டு ஒடிந்தாலும் வாடினாலும், மண்மட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழும் உள்ள கணுக்களின் மொட்டுகளிலிருந்து புதிய கிளைகள் வர வாய்ப்பு இருக்கிறது. ஆகவே மேற்பகுதி சேதப்படுவதைவிட வேர் அறுபடுவதே இச்செடிக்குப் பெரிய இழப்பு.

வேர்முடிச்சுகளைப் பற்றி. வேரில் முடிச்சை உண்டாக்கி, அதற்குள் இருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருவது மண்ணில் உள்ள ரைசோபியம் என்ற பாக்டீரியா. அது இளம் வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் புதிதாக வளரும் வேர்த்தூவிகளின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. முதிர்ந்த, தடித்த வேரில் புதிதாக நுழைவதில்லை. நீங்கள் ஒரு செடியைத் தோண்டும்போது முதலில் அறுபடுபவை அந்த மெல்லிய நுனிவேர்களே. பக்கவேர்களில் தொங்கும் முடிச்சுகளில் கணிசமானவையும் மண்ணிலேயே நின்றுவிடும். அறுபட்ட முடிச்சு வேலை செய்யாது. அது இலையிலிருந்து வரும் சர்க்கரையை நம்பி இயங்குவது, வேரோடு உள்ள தொடர்பு போனதும் அழுகிவிடும். செடியில் ஒட்டியிருக்கும் முடிச்சுகளும்கூட நடவு அதிர்ச்சியில் இலை வாடியிருக்கும் நாள்களில் மந்தமாகிவிடும், சில மடிந்தும் போகும். ஆனால் வேர் மறுபடி ஓடத் தொடங்கினால் அந்தப் புதிய வேர்களில் புதிய முடிச்சுகள் வரும். ஆகவே முடிச்சுகள் போய்விடுமா என்ற உங்கள் அச்சம் பாதி உண்மை: இப்போதுள்ளவற்றில் ஒரு பகுதி நிச்சயம் போகும், செடிக்குக் காலம் இருந்தால் அவை மீளும். அந்தக் காலம் இருக்கிறதா என்பதே கேள்வி.

இங்கே பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பயறுவகைச் செடி பிடித்த தழைச்சத்து முழுவதும் முடிச்சுகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்றும், செடியை நட்டவுடன் அது மண்ணுக்குள் கசியத் தொடங்கும் என்றும் பலர் நினைக்கிறார்கள். முடிச்சு தழைச்சத்தைப் பிடித்துத் தரும் இடமே அல்லாமல் சேர்த்துவைக்கும் இடம் அன்று. பிடிக்கப்பட்ட சத்தின் பெரும்பகுதி மேலே, இலையிலும் தண்டிலும் இருக்கிறது. உலர்ந்த ஹேரி வெட்ச் தழையில் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் வரை தழைச்சத்து உண்டு. உயிருள்ள செடி அதில் மிகச் சிறிதளவையே மண்ணுக்கு விடும். செடியை வெட்டி, தழை மட்கும்போதுதான் அடுத்த பயிருக்குப் பெருமளவு கிடைக்கிறது. இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. வளர்ந்த செடியின் சத்தை இன்னொரு பாத்திக்குக் கொண்டுபோக விரும்பினால் வேரைப் பெயர்க்க வேண்டியதில்லை. தழையை அறுத்துக்கொண்டுபோய்ப் பரப்பினால் போதும். இன்னும் வளராத செடிக்கு மட்டுமே பெயர்த்து நடுவது பொருந்தும், ஏனெனில் அங்கே நீங்கள் நகர்த்துவது சேர்ந்த சத்தை அல்ல, இனிமேல் சேர்க்கப்போகும் ஒரு செடியை.

ஆகவே உங்கள் நடைபாதைச் செடிகளை முதலில் உயரத்தைக் கொண்டு பிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்தில், சில இலைகள் மட்டும் விட்டு, அடியில் கிளைகள் அதிகம் பிரியாமல் இருப்பவை பெயர்க்க ஏற்றவை. இருபது சென்டிமீட்டரைத் தாண்டி, இலை நுனியின் பற்றுக்கம்பிகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டவற்றை விட்டுவிடலாம். அவற்றைப் பிரிக்க முயன்றாலே தண்டு கிழியும், ஆணிவேரும் கைக்கொத்துக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும். இந்த உயர அளவுகள் என் பழக்கத்திலிருந்து வந்தவை. தளர்ந்த மண்ணில் சற்றுப் பெரிய செடியும் வேர் அறாமல் வரும். மிதிபட்டு இறுகிய பாதை மண்ணில் சிறிய செடிகூட ஆணிவேர் முறிந்தே வரக்கூடும். உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை என்பதால், இரண்டு மூன்று செடிகளை மட்டும் முதலில் தோண்டிப் பார்த்து, வேர் எவ்வளவு முழுமையாக வருகிறது என்று பார்த்த பிறகு மற்றவற்றில் கைவைக்கச் சொல்கிறேன்.

அந்த இரண்டு மூன்று செடிகளைத் தோண்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஹேரி வெட்ச் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இடம்கொடுக்கும் செடி. பாதையின் மண்ணில் அப்புழு இருந்தால், வேரோடும் மண்ணோடும் செடியை நகர்த்தும்போது அதையும் சுத்தமான பாத்தியில் நீங்களே கொண்டுபோய் விடுவீர்கள்; பின்னர் அங்கே தக்காளியோ வெள்ளரியோ வைத்தால் விளைவு தெரியும். வேரை ஒரு பாத்திரத் தண்ணீரில் மெல்ல அலசி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரைசோபியம் உண்டாக்கிய முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீள்வட்டமாக, சில சமயம் விரல்கள் பிரிந்ததுபோல் இருக்கும். விரலால் தள்ளினால் எளிதில் உதிரும். அதை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகவோ செந்நிறமாகவோ இருக்கும். அந்தச் சிவப்பு, முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். உள்ளே வெண்மையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. நூற்புழுவின் வீக்கம் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது அன்று. வேரே அந்த இடத்தில் பருத்துப் புடைத்திருக்கும், தள்ளினால் உதிராது, பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்யும். அத்தகைய வீக்கம் ஒரு செடியில் கண்டாலும் அந்த இடத்திலிருந்து எதையும் பெயர்க்க வேண்டாம்.

செடி ஹேரி வெட்ச்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தானாக முளைத்தவை என்கிறீர்கள். இதே குடும்பத்தில் தோற்றம் ஒத்த களைச்செடிகள் உண்டு. கவலைக்குரியது விசியா கிராக்கா என்னும் இனம். அது பல்லாண்டுச் செடி, மண்ணுக்கு அடியில் படரும் தண்டுகளால் பரவுவது. ஒருமுறை பாத்தியில் வேரூன்றினால் எடுப்பது கடினம். தோண்டும்போது கிடைமட்டமாக ஓடி அடுத்த செடியோடு இணையும் வெண்ணிறத் தண்டு தெரிந்தால் அது ஹேரி வெட்ச் அன்று. ஹேரி வெட்ச்சுக்கு ஒற்றை ஆணிவேர்தான் உண்டு. வழக்கமாக விற்கப்படும் வகையில் தண்டின்மேல் விரிந்து நிற்கும் மென்மயிர்கள் கண்ணுக்குத் தெரியும். மயிர் குறைந்த வகைகளும் உள்ளன என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. பூத்த பிறகென்றால் ஐயமே இல்லை. ஒரே பக்கம் நோக்கித் தொங்கும் ஊதாப் பூங்கொத்தில் ஒரு பூவை எடுத்துப் பாருங்கள்: ஹேரி வெட்ச்சில் பூவின் புல்லிவட்டம் அடிப்பக்கம் புடைத்திருப்பதால் காம்பு அதன் முனையில் சேராமல் கீழ்ப்புறத்தில் சேர்ந்ததுபோல் தெரியும்.

இனி நடும் முறை. முந்தைய நாள் மாலை பாதையையும் பாத்தியையும் நன்றாக நனைத்துவிடுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு, அல்லது மேகமூட்டமான நாளில், செடியைச் சுற்றிக் கையகலத்துக்கு மண்ணை வெட்டி, குறைந்தது 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கருவியை இறக்கி, மண்கட்டி உடையாமல் அடியிலிருந்து தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். இரண்டு மூன்று செடிகள் ஒட்டி முளைத்திருந்தால் பிரிக்காமல் ஒரே கட்டியாக நடுவதே நல்லது; பிரிக்கும்போது இழக்கும் வேரை ஈடுசெய்ய இச்செடிக்குப் பல வாரங்கள் ஆகும். குழியை முன்பே எடுத்து வைத்திருந்து, தூக்கியவுடன் நடுங்கள். முன்பிருந்த மட்டத்திலேயோ, ஒரு விரல் தடிமன் கூடுதல் ஆழத்திலேயோ வைக்கலாம். அடிக்கணுக்கள் மண்ணுக்குள் இருப்பது பாதுகாப்பு. கட்டியைச் சுற்றி வெற்றிடம் இல்லாதபடி மண்ணை அழுத்தித் தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு நாள்கள் நேர்வெயில் படாமல் மறைப்பு போதும். தண்டு சற்று நீண்டிருந்தால் அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு மேலே கிள்ளிவிடலாம். குறைந்த வேரால் நிறைய இலைகளுக்கு நீர் கொடுக்க முடியாது, கிள்ளிய இடத்துக்குக் கீழே கிளையும் பிரியும். உரம் எதுவும் வேண்டாம். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் பயறுவகைச் செடி முடிச்சு உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். நட்ட செடி விரைவில் பச்சைபிடிக்க வேண்டும் என்று யூரியா தூவுவது நோக்கத்தையே கெடுத்துவிடும்.

புதிய பாத்தியில் ஏற்ற ரைசோபியம் இருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். ஹேரி வெட்ச்சோடு கூடும் பாக்டீரியா இனமே பட்டாணி, மைசூர்ப் பருப்பு, ஃபாவா பீன்ஸ் ஆகியவற்றோடும் கூடுகிறது. இவற்றில் ஒன்று அந்தப் பாத்தியில் முன்பு விளைந்து வேரில் முடிச்சும் இருந்திருந்தால் கவலையில்லை. தட்டைப்பயறும் நிலக்கடலையும் விளைந்த மண் என்பது இதற்குப் போதாது, அவற்றின் பாக்டீரியா வேறு. உங்கள் நிலையில் மண்கட்டியோடு பெயர்ப்பதால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். பெயர்த்து நடுவதற்குச் சார்பாக நான் சொல்லக்கூடிய வலுவான வாதங்களில் இது ஒன்று. ஆனால் மண் மிகவும் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் செடி தாங்கினாலும் பாக்டீரியா தாங்காது. கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு கிராம் ஹேரி வெட்ச் விதையில் ஏறக்குறைய 40 விதைகள் இருக்கும். கையால் தூவி விதைக்க ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிராம் போதும். பத்துச் சதுர மீட்டர்ப் பாத்திக்கு 30 முதல் 40 கிராம். அதே பாத்தியை நாற்றால் நிரப்ப, 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டாலும் 160 முதல் 250 கட்டிகள் தோண்டி, சுமந்து, நட்டு, நிழலும் நீரும் கொடுக்க வேண்டும். விதைக்கும் காலம் இன்னும் கடக்கவில்லை என்றால் விதைப்பதே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து ஈரம் காத்தால் ஆணிவேர் தன் இடத்திலேயே நேராக இறங்கும்; பெயர்த்த செடி அதற்கு ஈடாகாது. பெயர்ப்பது எங்கே பொருந்துமென்றால், விதைப்புக் காலம் ஓரிரு வாரம் கடந்துவிட்ட சிறிய பாத்தியிலும், விதைத்த பாத்தியில் இடையிடையே விழுந்த வெற்றிடங்களை நிரப்பவும்தான். பெயர்க்கத் தகுந்தவை சில டசன் மட்டுமே இருந்தால், பாத்தியின் நடுவே அவற்றை வரிசையாக நட்டு, இருபக்கமும் விதை தூவிவிடுங்கள்.

நாற்றாகவே வளர்த்து நடலாமா என்று நீங்கள் இறுதியில் கேட்டதற்கும் விடை சொல்லிவிடுகிறேன். முடியும். குழித்தட்டின் குழி குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். சத்து மிகுந்த நாற்று ஊடகம் வேண்டாம். விதையில் ரைசோபியம் உயிர் உரத்தைப் பூசி, குழிக்கு இரண்டு விதை ஊன்றலாம். விதையை ஓர் இரவு ஊறவைத்தால் காலையில் பெரும்பாலானவை ஊதியிருக்கும். சில கருமணிகளாக அப்படியே கிடக்கும். அவை செத்தவை அல்ல, தோல் நீரை விடாத கடினவிதைகள். உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைத்தால் அவற்றிலும் பல ஊதும். மூன்று நான்கு வாரத்தில், வேர் குழியின் அடியில் சுருளத் தொடங்குமுன் நட்டுவிட வேண்டும்.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மண் உறையும் இடமென்றால், கடும் உறைபனிக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் நடவு முடிந்திருக்க வேண்டும். வேரூன்றிய ஹேரி வெட்ச், பயிரிடப்படும் வெட்ச் வகைகளிலேயே குளிரை மிக நன்றாகத் தாங்குவது. புதிதாக நட்ட கட்டியோ பிடிப்பில்லாமல் இருப்பதால், மண் உறைந்தும் இளகியும் மாறும்போது மேலே தள்ளப்பட்டு வேர் காற்றில் நின்றுவிடும். குளிர்காலமே இல்லாத வெப்பப் பகுதியில் இச்செடியை நம்பி உழைக்க நான் சொல்லமாட்டேன். அங்கே அது படர்வதற்குமுன் வெயிலில் சோர்ந்துவிடும். வசந்தத்தில் பெயர்த்து நட்டால் பிழைக்கும், ஆனால் பகல் நீள நீளப் பூப்புக்குப் போய்விடுவதால், புதிய வேர் ஓடி, முடிச்சு வந்து, தழை பெருகுவதற்கு நேரம் கிடைக்காது. அப்போது செய்த உழைப்புக்குப் பலன் குறைவு என்பது என் கணிப்பு.

எஞ்சியிருக்கும் பெரிய கொடிகளை என்ன செய்வது? பாதையிலேயே பூக்கும் வரை விட்டு, பெரும்பாலானவை பூத்து நிற்கும் கட்டத்தில் தரையோடு அறுத்து, தழையை வெறும் பாத்தியில் பரப்புங்கள். அதற்கு முன் அறுத்தால் அடிக்கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். முழுப்பூப்பில் அறுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேரை அப்படியே விட்டுவிடுங்கள், அது அங்கேயே மட்கட்டும். கரிமம் குறைவாகவும் தழைச்சத்து மிகுதியாகவும் இருப்பதால் இத்தழை சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். அதன்மேல் தக்காளி நாற்றை நேராக நடும் முறையை அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையத்தில் 1990-களில் விரிவாக ஆராய்ந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நாற்றுக்கு அது பொருந்தும். கேரட், கீரை போன்ற சிறுவிதைகளுக்குப் பொருந்தாது. பச்சைத் தழையில் சயனமைடு என்ற முளைப்பைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. மண்ணில் மடக்கியவுடன் நாற்றழுகல் பூஞ்சையும் பெருகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துத்தான் விதைக்க வேண்டும். மிஞ்சிய தழையை மாட்டுக்கோ குதிரைக்கோ போட வேண்டாம்; இதை மேய்ந்த கால்நடைகள் நோயுற்று இறந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவில் உள்ளன.

நடைபாதையில் இத்தனை செடிகள் முளைத்ததற்குக் காரணம், சென்ற முறை அறுப்பதற்குமுன் சில காய்கள் முற்றி வெடித்ததுதான். உதிர்ந்தவற்றில் கடினவிதைகள் மண்ணில் சில ஆண்டுகள் கிடந்து, பருவந்தோறும் கொஞ்சங்கொஞ்சமாக முளைத்துக்கொண்டே இருக்கும். குளிர்காலத் தானியப் பயிர்களில் ஹேரி வெட்ச்சைக் களையாகக் கருதுவதும் இதனால்தான். ஆகவே பெயர்த்து நட்ட பாத்தியிலும் சரி, பாதையிலும் சரி, அடிக்கொத்துகளில் சிறு பச்சைக் காய்கள் தெரியத் தொடங்கியதும், நுனியில் இன்னும் பூ இருந்தாலும் காத்திராமல் அறுத்துவிடுங்கள்.